ஃபியூஸ் இல்லாத வயர்

“பகல் முழுக்க சார்ஜ் ஏறுது. விடியறதுக்குள்ள பேட்டரி செத்துப்போகுது. ஏன்னு தெரியல.”

கலியபெருமாள் கொட்டகை வாசலில் நின்றபடி இதைச் சொன்னார்.

உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து படகு மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“எத்தனை பேட்டரி?”

“மூணு. ஒண்ணு எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு. மத்த ரெண்டும் லைட்டு, ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாத்துக்கும்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வாங்க சார்,” என்றார்.

கலியபெருமாளுக்கு அந்த முகம் தெரியும். இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் தெரிந்துவிட்டது.

தன்னை அவருக்குத் தெரிந்ததா என்பதுதான் தெரியவில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்ட யார் வந்தாலும் சார்தான்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். போக முடியவில்லை.

*

கலியபெருமாளிடம் இருபத்தெட்டு அடிப் பாய்ப்படகு ஒன்று இருந்தது. உலகம் சுற்ற வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி புதுச்சேரியோடு பயணத்தை முடித்துக்கொண்டு விற்றுவிட்டுப் போனது. ஓய்வு பெற்ற வருடம் வாங்கினார். பாய் கட்ட, காற்றுப் பிடிக்க ஆள் வைத்துக் கற்றுக்கொண்டார்.

மின்சார வேலைக்கு மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் அதைத்தான் பாடமாக நடத்தியவர். துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர். படம் வரைந்து, கணக்குப் போட்டு, எல்லா வயரையும் தானே இழுத்தார்.

பத்து நாளைக்கு முன்பு பரங்கிப்பேட்டைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோ நின்றது. பிறகு ஜிபிஎஸ். பிறகு பாய்மரத்து விளக்கு. எஞ்சினைத் திருகினால் டக் என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த தடவை அதுவும் வரவில்லை.

இருட்டும் நேரம். காற்றும் இல்லை. வலை தூக்க வந்த விசைப்படகு ஒன்று விளக்கில்லாத அவர் படகின் மேல் ஏற இருந்தது. கடைசி நிமிடத்தில் திருப்பினார்கள். திட்டினார்கள். பிறகு கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தார்கள்.

வழியில் அவர்களில் ஒருவர், நீங்க என்ன வேலையில இருந்தீங்க என்று கேட்டார்.

ரிட்டயர்டு ஆயிட்டேன் என்றார் கலியபெருமாள். என்ன வேலையிலிருந்து என்று சொல்லவில்லை.

இறங்கும்போது அவர்கள்தான் சொன்னார்கள். தேங்காய்த்திட்டில் அமலாக்கா என்று ஒருவர் இருக்கிறார், படகு வயரிங்கில் அவரை விட்டால் ஆளில்லை என்று.

அமலா என்ற பேரை வைத்து அவருக்கு எதுவும் தோன்றவில்லை. வகுப்பில் வருகைப் பதிவேட்டில் இருந்தது முழுப் பேர்.

*

அமலா படகுக்கு வந்தார். கலியபெருமாள் சட்டகம் போட்டு வைத்திருந்த வயரிங் படத்தை எடுத்துக் காட்டினார். நான்கு நிறத்தில் வரைந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. தரைப் பலகையைத் தூக்கினார். குனிந்து பேட்டரிகளைப் பார்த்தார்.

இரண்டில் எது புதிது என்று கேட்டார். வலது பக்கம் இருப்பது இந்த வருடம் வாங்கியது, இடது பக்கம் இருப்பது படகோடு வந்தது என்றார் கலியபெருமாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே நூறு ஆம்பியர். சார்ஜ் ஏறியதும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டதாகவும், இரண்டும் பதிமூன்று வோல்ட் காட்டியதாகவும் சொன்னார்.

அமலா இரண்டையும் சேர்த்திருந்த வயரைக் கழற்றினார். சுருட்டி ஓரமாக வைத்தார்.

“நாளைக்குப் பாக்கலாம் சார்.”

“ஒண்ணும் செய்யலையே?”

“தனித்தனியா விட்டிருக்கேன்.”

மறுநாள் காலையில் அமலா மீட்டரைக் கலியபெருமாள் கையில் கொடுத்தார். புதியது பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. பழையது பதினொன்றே முக்காலுக்கு இறங்கியிருந்தது.

செத்த பேட்டரி ஒன்று, நல்லதன் தோளில் சாய்ந்து, அதையும் தினம் தினம் குடித்திருக்கிறது. சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் எல்லா பேட்டரியும் நன்றாகத்தான் காட்டும். ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இது கலியபெருமாளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய வரி. எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையில் கேட்டிருக்கிறார்.

அமலா ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

*

புது பேட்டரி வந்தது. அமலாவே மாட்டித் தருவார் என்று கலியபெருமாள் காத்திருந்தார். அமலா கருவிப் பையை நகர்த்தி அவர் முன்னால் வைத்தார்.

“நீங்க போடுங்க சார். நான் பாக்குறேன்.”

“நீங்களே போட்டுட்டா சீக்கிரம் முடியும்.”

“கடல்ல நான் இருக்க மாட்டேன்.”

அதிலிருந்து ஒன்பது நாள் கலியபெருமாள் அவரிடம் வேலை கற்றார்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் ஒரு சங்கடம் இருந்தது. மேடம் என்று வாயில் வரவில்லை. அம்மா என்பதும் ஒட்டவில்லை. அதனால் எந்தப் பேரும் இல்லாமலே பேசினார். தேவைப்பட்டால் இருமினார்.

முதல் நாள் இரண்டு பேட்டரியையும் சேர்த்து, முதல் பேட்டரியிலிருந்தே பிளஸ்ஸையும் மைனஸையும் எடுத்தார். அமலா பார்த்தார். மைனஸ் வயரைக் கழற்றி இரண்டாவது பேட்டரியில் மாட்டினார். எழுந்து போய்விட்டார்.

கலியபெருமாள் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புரிந்தது. தான் போட்டிருந்தபடி இருந்தால் முதல் பேட்டரிதான் அதிகம் உழைக்கும். அடுத்தது பாதிப் பட்டினியில் கிடக்கும். இப்படி எதிர் எதிர் முனையில் எடுத்தால் இரண்டுக்கும் சமமாகப் போகும், சமமாக வரும்.

அடுத்த நாள், எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது தெரிந்தது. மூன்று பேட்டரியையும் ஒன்றாகச் சேர்க்கும் நிலையில் கலியபெருமாள் சுவிட்சை விட்டிருந்தார். விளக்கும் ரேடியோவும் எஞ்சின் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்துவிட்டன. அமலா ஒரு ரிலேயைக் கொடுத்து மாட்டச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது மட்டும் சேரும், நின்றால் தானாகப் பிரியும்.

அதற்கடுத்து வயர் இணைப்புகள். கலியபெருமாள் வயரை முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றியிருந்தார். அமலா எஞ்சினைப் போட்டு, சார்ஜ் ஏற விட்டு, அவர் உள்ளங்கையைப் பிடித்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் வைத்தார்.

மூன்றாவதில் கலியபெருமாள் கையை இழுத்துக்கொண்டார். சுட்டது.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, வயர் நுனியில் லக் என்னும் செம்பு வளையத்தைப் போட்டுக் கருவியால் அழுத்தச் சொன்னார் அமலா. அழுத்தினார்.

“இழுங்க.”

இழுத்தார். கழன்று வந்தது.

“இன்னொண்ணு.”

அதுவும் வந்தது. பதினோராவது லக்தான் நின்றது. கொட்டகையில் வேலைக்கு இருந்த தேசிங்கு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆறு வருடமாக அமலாவிடம் இருக்கிறார். சிரிக்கவில்லை. நான் இருபது கழட்டினேன் சார் என்று மட்டும் ஆறுதலாகச் சொன்னார்.

*

ஒரு நாள் மத்தியானம் அமலா வேறு படகுக்குப் போயிருந்தார். தேசிங்கும் கலியபெருமாளும் டீ குடித்தார்கள். தேசிங்கு தானாகவே பேச ஆரம்பித்தார்.

அக்கா படிச்சவங்க சார் என்றார். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஒன்றரை வருடம் படித்ததாகவும், லேபில் ஏதோ எரிந்துபோனதாகவும், அக்காதான் எரித்தார் என்று வெளியே அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அக்காவின் அப்பாவைக் கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள். அவர் மில் தொழிலாளி. வாத்தியார்கள் முன்னாலேயே மகளை அடித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வயரிங் வேலை. வீடுகளில் ஆரம்பித்து படகுக்கு வந்தார். இத்தனை பேர் வாங்கியும் அந்த அப்பா இதுவரை கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. காலேஜைக் கொளுத்திட்டு வந்தவ என்றுதான் இன்றைக்கும் சொல்வாராம்.

கலியபெருமாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார். வெறும் கையோடு இருக்க முடியவில்லை.

“எந்த வாத்தியார்னு சொன்னாங்களா?” என்று கேட்டார்.

தேசிங்கு யோசித்தார்.

“பேரு சொன்னதில்ல சார். நான் ஒரு தடவ கேட்டேன். ‘பாடம் நல்லா நடத்துவாரு’ன்னாங்க. அவ்வளவுதான்.”

*

ஏழாவது நாள் பெரிய வயர். பேட்டரிகளிலிருந்து சுவிட்ச் பலகைக்குப் போகும் வயர், கட்டைவிரல் தடிமன்.

கலியபெருமாள் அதை மட்டும் மாற்ற வேண்டியதில்லை என்று நினைத்தார். நல்ல வயர். அளவெல்லாம் சரி. லக் மட்டும் புதிதாக அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். நின்றது. முதல் முறையாகக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அமலா குனிந்து பார்த்தார்.

“ஃபியூஸ் எங்க சார்?”

பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் போட்டிருப்பதாகச் சொன்னார்.

அமலா பேட்டரி முனையில் விரலை வைத்தார். அங்கிருந்து பலகை வரைக்கும் அந்த வயரின் மேலேயே விரலை ஓட்டினார். ஒரு கை நீளம்.

“இதுக்கு?”

கலியபெருமாள் அந்த விரலையே பார்த்தார்.

அந்த ஒரு கை நீளத்தில் எங்காவது வயர் உரசி, தோல் கிழிந்தால், இரண்டு பேட்டரியின் பலமும் அதில்தான் பாயும். தடுக்க ஒன்றும் இல்லை. நடுக்கடலில் படகு எரியும்.

ஆனால் அவர் அதை நினைக்கவில்லை. அந்தக் கேள்வியை நினைத்தார். இதே குரல் இதே கேள்வியை ஒரு முறை அவரிடம் கேட்டிருக்கிறது.

*

அன்றைக்கு லேபில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரில் ஒரே பெண் அவள்.

பேட்டரி சார்ஜ் செய்யும் பலகை ஒன்று இருந்தது. அதில் ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. வாரக் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். துறைத் தலைவர் பதவி காலியாக இருந்தது. பலகை வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். கலியபெருமாள் காலையில் வந்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு தடித்த செம்புக் கம்பியை வைத்து முறுக்கிவிட்டார். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தார்.

செய்முறைக்கு அன்று அவள் முறை. சுவிட்சில் கை வைத்தவள் போடாமல் திரும்பினாள்.

“சார், ஃபியூஸ் எங்க சார்? கம்பி இருக்குதே?”

“இருக்கட்டும். நீ போடு.”

அவள் போட்டாள்.

பலகை எரிந்தது. மேஜை எரிந்தது. மீட்டர்கள் எரிந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல்வர் ஓடி வந்தார். கம்பியைப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார்.

கலியபெருமாள் ஒரு நொடி பேசாமல் இருந்தார்.

பிறகு, “இந்தப் பொண்ணுதான் செஞ்சிருக்கணும் சார்,” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அழவில்லை. நான் இல்லை என்று ஒரு முறை சொன்னாள். முதல்வர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் அப்பா வந்தார். சூசைநாதன் என்று பேர். மில் சட்டையோடு வந்தார். ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தார். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். கலியபெருமாளைப் பார்த்தும் கும்பிட்டார். பிறகு வராந்தாவில் மகளை அறைந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கலியபெருமாள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருடமே துறைத் தலைவர் ஆனார்.

*

“இங்க ஒரு ஃபியூஸ் வரணும் சார்,” என்றார் அமலா. “பேட்டரிக்குப் பக்கத்துல. எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல.”

சொல்லிவிட்டு ஃபியூஸையும் அதன் பெட்டியையும் கொடுத்தார். குரலில் ஒன்றும் இல்லை. முகத்திலும் இல்லை.

கலியபெருமாள் மாட்டினார். போல்ட் இரண்டு முறை கை நழுவி விழுந்தது. இரண்டு முறையும் அமலா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

தெரியும், தெரியாது என்று அவர் மனதுக்குள் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார். தெரியாது என்றால் தப்பித்தோம். தெரியும் என்றால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? தெரிந்தும் சொல்லாமல் ஏழு நாள் ஒருவருக்கு வேலை கற்றுத் தர முடியுமா?

தன்னால் முடியாது என்று தெரிந்தது.

*

ஒன்பதாவது நாள் வேலை முடிந்தது. பகல் முழுக்க சார்ஜ் ஏற்றி, பிறகு எல்லா விளக்கையும் ஏற்றி வைத்து, மறுநாள் காலையில் அளந்தார்கள். நின்றிருந்தது.

கிளம்பலாம் சார் என்றார் அமலா. ஒரு தடவை வெளியே போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

கலியபெருமாள் தனியாகப் படகை எடுத்தார். முகத்துவாரம் தாண்டினார். எஞ்சினை நிறுத்தி மறுபடி திருகினார். ஒரே திருகில் பிடித்தது. ரேடியோ பேசியது. மீட்டரில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. நாகப்பட்டினம் வரைக்கும் காற்று நன்றாக இருந்தது. தேவையான சாமானெல்லாம் படகில் இருந்தது. இப்படியே தெற்கே திருப்பினால் அவரைக் கேட்க ஆளில்லை.

பாயை ஏற்றக் கயிற்றைக் கையில் எடுத்தார்.

ரொம்ப நேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். ஏற்றவில்லை. கட்டிவிட்டு, படகைத் துறைமுகம் பக்கம் திருப்பினார்.

*

அமலா லக் அழுத்திக்கொண்டிருந்தார். தேசிங்கு வயர் அளந்துகொண்டிருந்தார்.

என்ன சார் ஏதாச்சும் ஓடலையா என்று தேசிங்கு கேட்டார். எல்லாம் ஓடுகிறது என்றார் கலியபெருமாள். கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்று அமலாவிடம் சொன்னார்.

“இங்கயே சொல்லுங்க சார்.”

தேசிங்கு எழுந்திருக்கப் பார்த்தார். அமலா கை காட்டி உட்கார வைத்தார்.

கலியபெருமாள் இருமினார். பிறகு இருமுவதை விட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

“அமலோற்பவம்.”

அழுத்திக்கொண்டிருந்த கை நின்றது. துறைமுகத்தில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

“அன்னைக்கு அந்தக் கம்பிய வெச்சது நான்தான். நீ கேட்ட. நான்தான் போடுன்னேன். அப்புறம் உன் மேல சொன்னேன்.”

தேசிங்கு கையிலிருந்த வயரைப் பார்த்துக்கொண்டார்.

அமலா லக்கை முடித்தார். இழுத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

“தெரியும் சார்.”

“முதல் நாளே தெரியுமா?”

“வாசல்ல நின்னப்பவே தெரியும்.”

கலியபெருமாள் அழுதார். அறுபத்து மூன்று வயதில், ஒரு தகரக் கொட்டகையில், இன்னொரு ஆள் பார்க்க. மன்னித்துவிடு என்றார். இத்தனை வருடமும் இது உள்ளே கிடந்தது என்றார். இப்போது சொன்ன பிறகுதான் மூச்சு வருகிறது என்றார்.

அவர் முடித்ததும் அமலா நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரிஞ்சதத்தான் சார் எனக்குச் சொல்லியிருக்கீங்க,” என்றார்.

கலியபெருமாள் கண்ணைத் துடைத்தார். பிறகு நான் என்ன செய்யணும் என்று கேட்டார்.

அமலா எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். சோப்பு போட்டு, நகக்கண் வரைக்கும் நிதானமாகக் கழுவினார். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும்படி தேசிங்கிடம் சொன்னார். வெளியே நின்ற ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார்.

“ஏறுங்க சார்.”

*

நெல்லித்தோப்பில் ஒரு சந்து. மாடி இல்லாத சின்ன வீடு. வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

எங்கே வந்திருக்கிறோம் என்று கலியபெருமாளுக்கு வழியிலேயே புரிந்துவிட்டது. இறங்கினார்.

“அப்பா உள்ளதான் இருக்காரு,” என்றார் அமலா. அவர் இறங்கவில்லை.

“நீங்க வரலையா?”

“நான் சொல்லியாச்சு சார். இருபத்தஞ்சு வருஷமா.”

கலியபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

சூசைநாதனுக்கு யாரென்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. தெரிந்ததும் பேப்பர் மடியிலிருந்து நழுவியது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நின்று கும்பிட்டார்.

“சார் நீங்களா. வாங்க சார். வீடு தேடி வந்திருக்கீங்க. அன்னைக்கு என் பொண்ணு பண்ணதுக்கு உங்க மூஞ்சப் பாத்துப் பேசக்கூட எனக்கு வாய் வரல. மனசுல வெச்சுக்காதீங்க சார்.”

கலியபெருமாள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார்.

கொட்டகையில் அழுகை வந்தது. இங்கே அதுவும் வரவில்லை. உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னார். அவர் உட்காரவில்லை. கும்பிட்ட கையையும் இறக்கவில்லை.

அப்படியே நின்றவரிடம் கலியபெருமாள் சொன்னார். கம்பியைத் தானே வைத்ததைச் சொன்னார். அவள் கேட்டதைச் சொன்னார். போடு என்று தான் சொன்னதைச் சொன்னார். முதல்வர் கேட்டபோது ஒரு நொடி யோசித்ததையும், யோசித்த பிறகுதான் அவள் பேரைச் சொன்னதையும் சொன்னார். பதவிக்காகச் சொன்னேன் என்றார். எதையும் விடவில்லை. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

சூசைநாதன் அவரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே பார்த்தார். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த மகளின் முதுகு தெரிந்தது.

“நான் அவள அடிக்கும்போது,” என்றார் மெதுவாக, “நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமா. நின்னேன்.”

கும்பிட்ட கைகள் பிரிந்தன. வலது கையைத் தூக்கி, அது யாருடையதோ என்பது போல, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் சூசைநாதன்.

மிக்ஸி நின்றது.

சூசைநாதன் நிமிர்ந்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சார்,” என்றார். “சத்தமா சொல்லுங்க. அவ அம்மா உள்ள இருக்கா.”